ஃபிரன்ட்எண்ட் செயலியைப் பாதுகாப்பாகத் தானியக்கமாக வெளியிடும் முறை

சர்வரில் இயங்கும் நிரலை மாற்றினால் அடுத்த கோரிக்கையிலேயே புதிய பதிப்பு பதில் சொல்லத் தொடங்கிவிடும். ஃபிரன்ட்எண்ட் செயலியோ பயனரின் பிரவுசருக்குள் இயங்குவதால், காலையில் திறந்த டேப்பை மாலைவரை மூடாதவர், இடையில் எத்தனை முறை வெளியிட்டாலும் பழைய பதிப்பிலேயே இருப்பார். அவரை மனத்தில் வைத்தே தானியக்கத்தை வடிவமைக்க வேண்டும். வைட் என்ற பில்ட் கருவியைக் கொண்டு, ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் உருவாக்கிய செயலியைக் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்ற தானியக்கச் சேவை வழியாக அமேசானின் எஸ்3 (கோப்புச் சேமிப்பு), கிளவுட்ஃபிரன்ட் (கோப்புகளைப் பயனருக்கு அருகிலிருந்து வழங்கும் சேவை) ஆகியவற்றில் வெளியிடுவதை இங்கே எடுத்துக்கொள்வோம்.

மூல நிரலைப் பிரவுசருக்கான கோப்புகளாக மாற்றும் பில்ட் கட்டம் எளிது. நூலகங்களின் பதிப்புகளைத் துல்லியமாகக் குறித்து வைக்கும் லாக் கோப்பில் உள்ளவற்றையே நிறுவும் ‘என்பிஎம் சிஐ’ கட்டளையைப் பயன்படுத்துங்கள்; சோதனைகள் தேறிய பிறகே பில்ட் நடக்கட்டும். வைட் வழியாகச் செயலிக்குள் சேரும் சூழல் மாறிகளை எவரும் பிரவுசரில் படிக்க முடியும் என்பதால், ரகசியச் சாவிகளுக்கு அங்கே இடமில்லை. எஸ்3-இல் எழுதும் அனுமதியையும் நிரந்தரச் சாவியாகச் சேமிக்காமல், ஓஐடிசி என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை மூலம் சிறிது நேரமே செல்லுபடியாகும் அனுமதியாகப் பெறுங்கள்.

கவனம் முழுவதும் தேவைப்படுவது பதிவேற்றும் வரிசையில்தான். வைட் தன் ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ் கோப்புகளின் பெயரில் உள்ளடக்கம் மாறினால் மாறும் ஹேஷ் என்ற குறியீட்டைச் சேர்ப்பதால், அவற்றை 31536000 விநாடிகள், அதாவது ஓராண்டு, கேச் செய்யுமாறு (நகலைச் சேமித்து வைத்துப் பயன்படுத்துமாறு) குறித்து முதலில் ஏற்ற வேண்டும். அவற்றைச் சுட்டும் தொடக்க எச்டிஎம்எல் கோப்பான இண்டெக்ஸை, ஒவ்வொரு முறையும் சர்வரிடம் சரிபார்க்கச் சொல்லும் ‘நோ-கேச்’ குறிப்புடன் கடைசியில் ஏற்ற வேண்டும். வரிசை மாறினால், இன்னும் வந்து சேராத கோப்புகளைப் புதிய இண்டெக்ஸ் கேட்கத் தொடங்கும்.

பழைய கோப்புகளை உடனே அழிக்காதீர்கள். கோப்புகளை எஸ்3-இல் ஏற்றும் ‘சிங்க்’ கட்டளையில், புதிய பில்டில் இல்லாதவற்றை அழிக்கும் ‘டிலீட்’ தேர்வைச் சேர்த்தால் எஸ்3-இன் சேமிப்பிடமான பக்கெட் சுத்தமாக இருக்கும். ஆனால் பழைய டேப்பில் இருப்பவர் ஒரு புதிய திரைக்குச் செல்லும்போது, அதற்கென அப்போதுதான் தரவிறக்கப்படும் துண்டுக் கோப்பு கிடைக்காமல் செயலி முறிந்துவிடும். இல்லாத பாதைகளுக்கெல்லாம் இண்டெக்ஸையே ‘வெற்றி’ எனப் பொருள்படும் 200 என்ற நிலைக் குறியுடன் அனுப்புமாறு கிளவுட்ஃபிரன்டை அமைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: ஜாவாஸ்கிரிப்ட் கேட்ட இடத்தில் எச்டிஎம்எல் வரும், கண்காணிப்புக் கருவிக்கோ எல்லாம் நலமாகவே தெரியும். ‘30 நாளான கோப்புகளை நீக்கு’ என்ற எஸ்3 விதியையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு மாதம் வெளியீடு நடக்காவிட்டால், பயன்பாட்டில் உள்ள கோப்புகளையே அது அழித்துவிடும்.

பழைய கோப்புகளை இப்படிச் சேர்த்து வைப்பதால், முந்தைய பதிப்புக்குத் திரும்பும் ரோல்பேக்கும் சுலபமாகிறது. ஒவ்வொரு வெளியீட்டின் இண்டெக்ஸையும் அதன் கமிட் (நிரல் மாற்றப் பதிவு) எண்ணுடன் தனியே சேமித்து வைத்தால், பின்வாங்குவதற்கு அந்த ஒரு கோப்பை மீண்டும் நகலெடுத்து, கிளவுட்ஃபிரன்டின் கேச்சில் அதன் பாதையையும் வேர்ப் பாதையையும் (‘/’) செல்லாததாக்கினால் போதும். மறுபடி பில்ட் செய்யத் தேவையில்லை. வெளியீடு முடிந்ததும் பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் பிளேரைட் கருவி உண்மையான தளத்தைத் திறந்து, உள்நுழைந்து, முக்கியத் திரை ஒன்றைப் பார்க்கட்டும். அது தோற்றால் இதே நகலெடுப்பு தானாகவே நடக்கட்டும். இரண்டு வெளியீடுகள் ஒரே நேரத்தில் மோதாதிருக்க, ஆக்‌ஷன்ஸின் ‘கன்கரன்சி’ அமைப்பில் இரண்டையும் ஒரே குழுவில் வையுங்கள்.

ஃபிரன்ட்எண்டும் சர்வரும் தரவு பரிமாறும் ஏபிஐ-இல் மாற்றம் இருந்தால், பழைய தரவுப் புலங்களை நீக்காமல் சர்வரை முதலில் வெளியிட்டு, அதன் பிறகே ஃபிரன்ட்எண்டை வெளியிடுங்கள். பழைய டேப்புகள் ஓய்ந்தபின் அந்தப் புலங்களை நீக்கலாம்.