பூனைச் சண்டைச் சத்தமும் நாம் செய்யும் தவறுகளும்

சேலத்தில் அம்மாப்பேட்டை, குகை பக்கமெல்லாம் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும். ஒரு மாடியில் ஏறிய பூனை, தரையில் கால் வைக்காமலே தெருக்கோடிவரை போய்விடும். அதனால் இரண்டு கடுவன்கள் முட்டிக்கொள்வது பெரும்பாலும் நம் தலைக்கு மேலேதான், அதுவும் ராத்திரியில்.

ஊளை கேட்டதுமே ஒரு சொம்புத் தண்ணீரை வீசுவதுதான் பலர் செய்கிற முதல் தவறு. அந்த நீளமான, ஏறி இறங்குகிற ஊளை சண்டை அல்ல, சண்டையைத் தவிர்க்க நடக்கிற பேச்சுவார்த்தை. வரப்புத் தகராறில் ஊரைக் கூட்டிக் கத்துகிறவன் மாதிரிதான். அடிக்கப் போகிறவன் அவ்வளவு நேரம் பேசமாட்டான். கைப்பிடிச் சுவரில் நிற்கிற இரண்டையும் கவனித்துப் பாருங்கள். வாய் மெல்லத் திறந்து மூடும், காது பக்கவாட்டில் திரும்பும், ஒவ்வொரு அடியும் படம் மெதுவாக ஓடுவதுபோல இருக்கும். கொஞ்ச நேரத்தில் ஒன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஓடாமல், மெதுவாக நகர்ந்துவிடும். இந்த நேரத்தில் தண்ணீர் விழுந்தால் இரண்டும் திடுக்கிட்டு, நடக்காமல் போயிருக்க வேண்டிய சண்டை நடந்துவிடும். ஊளை சட்டென்று நின்று அலறலும் உருளலும் கேட்டால்தான் நிஜச் சண்டை.

சீறுகிற பூனையை அதட்டுவதும் தப்பு. சீறல் பெரும்பாலும் பயந்த பூனையிடமிருந்து வருவது. “கிட்ட வராதே” என்கிறது, அவ்வளவுதான். அதற்குப் போய் அடி கொடுத்தால், அடுத்த முறை சீறாமலே கடிக்கப் பழகிவிடும். வீட்டில் இரண்டு பூனை இருந்தால், சத்தத்தைவிட சத்தமில்லாததைக் கவனியுங்கள். ஒன்று வாசலில் உட்கார்ந்து முறைத்து, மற்றதைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் போகவிடாமல் தடுப்பதும் சண்டைதான்.

“குழந்தை அழுகிற மாதிரி இருக்கு, அபசகுனம்” என்று கல்லெறிகிறவர்களும் உண்டு. அது பல நேரம் பருவத்துக்கு வந்த பெட்டையின் அழைப்பு. இணை சேர்ந்து முடிந்ததும் அது போடுகிற அலறலைக்கூடச் சண்டை என்றுதான் நினைப்போம். நாலைந்து மாதக் குட்டியே பருவத்துக்கு வந்துவிடலாம் என்பதால், கருத்தடைக்கு ரொம்ப நாள் தள்ளிப்போடாதீர்கள். கடுவனுக்கும் செய்தால் இந்த மாடிச் சண்டைகள் நன்றாகவே குறையும்.

நிஜச் சண்டையில் கையை மட்டும் நடுவே நீட்டாதீர்கள். ஒரு அட்டைப்பெட்டியையோ தடித்த போர்வையையோ நடுவில் தள்ளுங்கள். பிரிந்ததும் உங்கள் பூனையைத் தூக்கிக் கொஞ்சவும் வேண்டாம். அந்த வெறி அடங்காமல் உங்களையே கடிக்கும். தனி அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள், சில மணி நேரம் ஆகும். கடி பட்டால் மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் அப்பாமல், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி பற்றிக் கேளுங்கள்.

சத்தம் ஓய்ந்துவிட்டது, காயமும் தெரியவில்லை என்று விட்டுவிடுவது கடைசித் தவறு. பூனைப் பல் ஊசி மாதிரி சின்ன ஓட்டைதான் போடும். மேலே ஆறி, உள்ளே சீழ் கட்டி, சில நாளில் வீங்கும். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி டாக்டரிடம் போகணுமே என்று, வீட்டில் இருக்கிற பாராசிட்டமாலை அரை மாத்திரை உடைத்துக் கொடுக்கிறார்கள். பூனையின் உடம்பால் அந்த மருந்தைச் சமாளிக்க முடியாது. அந்த அரை மாத்திரையே அதைக் கொன்றுவிடலாம்.