சிறு குழந்தைக்குச் சிப்ஸ்: பெற்றோர் ஒரு முடிவுக்கு வருவது எப்படி?

சிறு குழந்தைக்குச் சிப்ஸ் கொடுக்கும் விஷயத்தில் பெற்றோர் பெரும்பாலும் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நிற்கிறார்கள். பாக்கெட்டைக் கண்ணிலேயே காட்டக் கூடாது என்பது ஒரு கட்சி. நாமும் தின்றுதானே வளர்ந்தோம், நாலு சிப்ஸில் என்ன வந்துவிடப் போகிறது என்பது மற்றொரு கட்சி. ஒரே வீட்டில் இரண்டு கட்சிகளும் இருந்துவிட்டால், யாரிடம் கேட்டால் கிடைக்கும் என்பது இரண்டு வயதுக் குழந்தைக்குக்கூட விரைவில் பிடிபட்டுவிடும். ஆகவே சிப்ஸ் நல்லதா, கெட்டதா என்ற வாதத்தைத் தள்ளி வைத்துவிட்டு, எந்த வயதிலிருந்து, எவ்வளவு, எப்போது, எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை வீட்டிலுள்ள பெரியவர்கள் சேர்ந்து பேசி முடிவு செய்துகொள்வதே முதல் வேலை. இவற்றுள் கடைசிக் கேள்விக்குத்தான் அதிக யோசனை தேவைப்படும்.

வயதைப் பற்றிய முடிவில் தயக்கத்துக்கு இடமில்லை. உருளைக்கிழங்குச் சிப்ஸை ஒடித்துப் பார்த்தால் அது வளையாமல், கூரான ஓரங்களுள்ள சில்லுகளாக உடைவதைக் காணலாம். அதை அரைத்து விழுங்குவதற்குக் கடைவாய்ப் பற்கள் வேண்டும். இரண்டாம் கடைவாய்ப் பற்கள் முளைப்பதோ பொதுவாக 23 முதல் 33 மாதங்களுக்குள்தான். அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சிறு குழந்தைகளுக்குத் தொண்டையில் சிக்கி மூச்சடைப்பு ஏற்படுத்தக்கூடிய உணவுகளின் பட்டியலில் சிப்ஸைச் சேர்த்திருக்கிறது. அதனால் அந்தப் பற்கள் வரும் வரை கொடுக்காமல் இருப்பதும், அதன் பிறகும் குழந்தையை உட்கார வைத்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுப்பதும் நல்லது. ஓடிக்கொண்டே தின்பதையும், ஓடும் காரின் பின் இருக்கையில் தனியாக உட்கார்ந்து தின்பதையும் எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்க வேண்டாம்.

அளவை முடிவு செய்யப் பாக்கெட்டின் பின்புறத்தைப் படிக்க வேண்டும். சில நாடுகளின் பாக்கெட்டுகளில் உப்பு என்று எழுதாமல் சோடியம் என்றே அச்சிடுவார்கள். அந்த எண்ணை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 100 கிராமுக்கு 500 மில்லிகிராம் சோடியம் உள்ள சிப்ஸில் 25 கிராம் பாக்கெட்டைக் குழந்தை காலி செய்தால், ஏறத்தாழ 0.3 கிராம் உப்பு உள்ளே போகிறது. 1 முதல் 3 வயதுவரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 2 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்பது பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை கூறும் வரம்பு. அப்படியானால் ஆறில் ஒரு பங்கு ஒரு பாக்கெட்டிலேயே முடிந்துவிடுகிறது. அதோடு ஏறத்தாழ 8 கிராம் கொழுப்பும் 130 கலோரியும் சேர்கின்றன. சிறிய வயிற்றுக்கு இது கணிசம். அடுத்த வேளைச் சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்பி வருவதற்குப் பல நேரங்களில் இதுவே காரணமாக இருக்கிறது. முழுப் பாக்கெட்டைக் கையில் கொடுக்காமல், ஏழெட்டுச் சிப்ஸை மட்டும் சிறு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்துவிட்டு, மீதியைக் குழந்தையின் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுங்கள்.

பற்களையும் மறந்துவிடக் கூடாது. சர்க்கரை இல்லாத பண்டம் பல்லைக் கெடுக்காது என்று பலர் நம்புகிறார்கள். சிப்ஸ் தின்று முடித்த குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தால், கடைவாய்ப் பல்லின் குழிகளில் மஞ்சள் நிற மாவு அப்பியிருப்பது தெரியும். அந்த மாவுச்சத்தைக் கிருமிகள் அமிலமாக மாற்றுகின்றன. தின்றவுடன் தண்ணீர் குடிக்க வைப்பது ஓரளவு உதவும். இரவில் பல் துலக்கிய பிறகு கொடுக்கவே வேண்டாம்.

இனி, எதற்காகக் கொடுக்கிறோம் என்ற கேள்வி. கடையில் அழுகையை அடக்க, ஊசி போடும்போது சமாதானப்படுத்த, காய்கறியைச் சாப்பிட்டதற்குப் பரிசாக, தொலைபேசியில் பத்து நிமிடம் நிம்மதியாகப் பேச என்று நாம் சிப்ஸுக்குக் கொடுக்கும் வேலைகள் பல. என்னைக் கேட்டால், உப்பையும் எண்ணெயையும்விட இந்த வேலைகளே அதிகத் தொல்லையைத் தருகின்றன. காய்கறிக்குச் சம்பளமாகச் சிப்ஸ் கிடைக்கும்போது, காய்கறி சகித்துக்கொள்ள வேண்டிய ஒன்று என்றும் சிப்ஸே உயர்ந்தது என்றும் நாமே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். முழுத் தடையும் இதே பள்ளத்தில்தான் கொண்டுபோய் விடுகிறது. அமெரிக்க ஆய்வாளர்களான ஜெனிஃபர் ஃபிஷர், லீன் பிர்ச் ஆகியோர் 1999 இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணெதிரே வைத்துவிட்டு எடுக்க விடாமல் தடுத்த தின்பண்டத்தின் மீதே பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளின் பேச்சும் ஆசையும் கூடின. அலமாரியின் மேல்தட்டில் பாக்கெட்டைத் தெரியும்படி வைத்துவிட்டு நாள் முழுவதும் மறுத்துக்கொண்டிருப்பதைவிட, அதை வாங்காமலே இருப்பது எளிது.

கொடுப்பதென்று முடிவு செய்த நாளில், உணவு ஆலோசகர் எலின் சாட்டர் வகுத்த பொறுப்புப் பங்கீடு கைகொடுக்கும்: என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவரின் முடிவு, அதில் எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பது குழந்தையின் முடிவு. சிற்றுண்டி நேரத்தில் பழம், தயிர் ஆகியவற்றோடு சிப்ஸ் கிண்ணத்தையும் சேர்த்தே வையுங்கள். அதை முதலில் தின்றாலும் எதுவும் சொல்ல வேண்டாம். தீர்ந்த பிறகு மீண்டும் கேட்டால், “இன்றைக்கு இவ்வளவுதான், கண்ணா” என்று குரலை உயர்த்தாமல் ஒருமுறை சொன்னால் போதும். அடம் பிடித்து அழுதால் பக்கத்தில் இருங்கள். ஆனால் பாக்கெட்டை மறுபடி திறந்துவிடாதீர்கள், ஏனெனில் ஒருமுறை திறந்தாலும் அடுத்த அழுகை இன்னும் நீளும்.

தாத்தா பாட்டியிடமும் உறவினரிடமும் பேசும்போது, சிப்ஸ் விஷம் என்பதுபோல் ஆரம்பித்தால் மனக்கசப்பே மிஞ்சும். வயதையும் மூச்சடைப்பையும் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்லிவிட்டு, மற்றவற்றில் சற்று விட்டுக்கொடுக்கலாம். நன்றாக மென்று தின்னக் கற்றுக்கொண்ட குழந்தை பிறந்தநாள் விழாவில் கை நிறைய அள்ளிக்கொண்டால், எல்லோர் முன்னிலையிலும் பிடுங்காமல், ஓரிடத்தில் உட்கார்ந்து தின்னச் சொல்லிவிட்டு அருகில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்துவிடுங்கள்.