ஆறு முதல் எட்டு வரை: பெற்றோர் கோட்டைவிடும் இடங்கள்

ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலும் எல்லாப் பாடத்துக்கும் ஒரே டீச்சர்தான். பிள்ளைக்கு எது வரும், எது வராது என்பது அவருக்கு அத்துப்படி. ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வந்துவிடுகிறார். பையன் தமிழ் வாசிக்கத் திணறுவது கணக்கு சாருக்குத் தெரியாது. அவனுக்குப் பின்னம் புரியவில்லை என்பது தமிழ் அம்மாவுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வீட்டில்தான் ஆள் வேண்டும். ஆனால் அந்த நேரம் பார்த்துத்தான், "பெரிய பையன் ஆயிட்டான், இனி அவனே பார்த்துக்குவான்" என்று பல வீடுகளில் கையை விட்டுவிடுகிறார்கள்.

நான் செய்த தவறு வேறு. என் மகன் ஏழாம் வகுப்பு முதல் பருவத் தேர்வில் கணக்கில் 60க்கு 34 வாங்கி வந்தான். அன்று ராத்திரி முழுக்கத் திட்டினேன், அடுத்த வாரமே டியூஷனில் சேர்த்தேன். மார்க்கைப் பார்த்தேனே தவிர, விடைத்தாளைப் பார்க்கவில்லை. ஒரு மாதம் போயும் மாற்றமில்லை. அப்புறம்தான் பைக்குள் கசங்கிக் கிடந்த அந்தத் தாளை எடுத்து விரித்தேன். போன மார்க்கில் பாதிக்கு மேல் ஒரே தப்பால் போனது. 7 − (−3) என்றால் 4 என்று எழுதியிருந்தான். குறை எண்ணைக் கழிக்கிற எல்லா இடத்திலும் அதே மாதிரிதான்.

"உன் கையில 10 ரூபாய் இருக்கு, கடைக்காரருக்கு 3 ரூபாய் கடன். அப்போ நிஜமா உன்னோடது எவ்வளவு?" என்று கேட்டேன். 7 என்றான். "கடைக்காரர் அந்தக் கடனைத் தள்ளிட்டா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ 10 என்னோடதுதான்" என்றான். தாளைத் தன் பக்கம் இழுத்து 4ஐ அடித்துவிட்டு 10 என்று எழுதினான். பத்து நிமிஷ வேலை. அதற்கு ஒரு மாதம் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன் என்பது இன்னும் எனக்கு வலிக்கிறது. விடைத்தாள் வந்தால் முதலில் தப்பான விடைகளைப் பாருங்கள். அதே தப்பு திரும்பத் திரும்ப வருகிறதா என்று தேடுங்கள்.

அடுத்தது, செயல்பாடுகளை நாமே செய்து கொடுப்பது. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் ஆறு, ஏழாம் வகுப்புகளில் பருவத்துக்கு 100 மதிப்பெண் என்றால், 60 எழுத்துத் தேர்வுக்கு, மீதி 40 செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும். அந்த மார்க்குக்காக ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மா தெர்மாகோல் வெட்டுகிறார், அப்பா படங்களைப் பிரிண்ட் எடுக்கப் போகிறார், பிள்ளை தூங்கிவிடுகிறது. கோணல்மாணலாக இருந்தாலும் அது பிள்ளை ஒட்டியதாக இருக்கட்டும். புதன்கிழமையே நினைவுபடுத்துங்கள், அது போதும்.

எனக்கு ரொம்பக் கவலை தருவது, "எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ்தானே, பத்தாவதில் பார்த்துக்கலாம்" என்ற பேச்சு. தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் எட்டு வரை யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை என்பது உண்மைதான். பிள்ளை பள்ளியை விட்டு நின்றுவிடக் கூடாது என்பதற்காக வந்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் ஏழாம் வகுப்பில் புரியாமல் விட்ட இயற்கணிதம் ஒன்பதாம் வகுப்பில் வந்து நிற்கும். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் படிப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வை எழுதித் தேர்வானால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அதை எழுத ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் வேண்டும் என்பது விதி. எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு இதில் 5 சதவீதம் தளர்வு உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. பல பெற்றோருக்கு இப்படி ஒன்று இருப்பதே எட்டாம் வகுப்பு பாதி போன பிறகுதான் தெரிய வருகிறது.

பெற்றோர் கூட்டத்தில் பிள்ளையைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, "வீட்டுல ஒண்ணுமே படிக்கிறதில்ல சார்" என்று தொடங்காதீர்கள். பன்னிரண்டு வயதில் அந்த அவமானம் சட்டென்று போகாது. "எந்தப் பாடத்துல எங்க நின்னுட்டான் சார்?" என்று கேட்டால் ஆசிரியருக்கும் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.

"நான் படிக்காதவ, எனக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்குவதும் தவறுதான். எங்கள் தெருவில் பூ கட்டும் ஓர் அக்கா, தன் மகளைத் தினமும் அறிவியல் பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்வார். கை பூவைக் கட்டிக்கொண்டே இருக்கும், காது பிள்ளையிடம் இருக்கும். அவள் எங்கே தடுக்கினாலும், "அங்க ஒரு புள்ளி வை, நாளைக்கு டீச்சர்கிட்ட கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லு" என்பார். மறுநாள் சாயங்காலம் மறக்காமல் அந்தப் புள்ளியைக் கேட்பார்.