அடுத்தவர் லாரியை ஓட்டும்போது கூலியிலும் சேதக் கணக்கிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம், சங்ககிரிப் பக்கம் சொந்த லாரியைத் தானே ஓட்டிப் பிழைப்பவர்கள் நிறையப் பேர். காய்ச்சல் வந்தாலும் வீட்டில் விசேஷம் என்றாலும் லோடு ஏற்றிய வண்டியை நிறுத்தி வைக்க முடியாது. தெரிந்த இன்னொரு லாரிக்காரரைக் கூப்பிட்டு, "அண்ணே, இந்த ஒரு நடை மட்டும் ஓட்டிக் குடுத்துருங்க, வந்து பாத்துக்கலாம்" என்று சாவியை நீட்டுவார்கள். அந்த "வந்து பாத்துக்கலாம்" என்பதில்தான் தகராறு உட்கார்ந்திருக்கிறது. வண்டி நல்லபடியாகத் திரும்பினால் யாரும் எதையும் கேட்பதில்லை. பம்பர் நசுங்கி வந்தால், பேசாமல் விட்ட கூலியும் பேசாமல் விட்ட சேதமும் ஒரே நாளில் எதிரே வந்து நிற்கும்.

கூலியையும் சேதத்தையும் ஒரே கணக்கில் போடுவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. "உன் கூலி ஆறாயிரம், பம்பர் ஒன்பதாயிரம், நீதான் மூவாயிரம் தரணும்" என்று ஓனர் கழித்துவிடுகிறார். பம்பர் யாரால் நசுங்கியது, அதன் விலை ஒன்பதாயிரம்தானா, இன்சூரன்ஸில் எவ்வளவு வரும் என்ற எந்தக் கேள்விக்கும் பதில் கிடைப்பதற்கு முன்பே ஓட்டியவரின் கூலி போய்விடுகிறது.

கூலி என்பது ஓட்டிய உழைப்புக்கு. வண்டி வந்து, ரசீதும் மீதிப் பணமும் கைமாறிய அன்றே அதை முழுசாகக் கொடுத்துவிட வேண்டும். சேதத்துக்குத் தனித் தாள், தனித் தேதி. ஊதியச் சட்டமும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்த நஷ்டத்துக்கு மட்டுமே பிடித்தம் செய்யலாம், பிடிப்பதற்கு முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும், பிடித்தம் நஷ்டத்தின் அளவைத் தாண்டக் கூடாது, எல்லாப் பிடித்தமும் சேர்ந்து கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது. நண்பருக்காக ஒரு நடை ஓட்டுகிறவர் மாதச் சம்பளக்காரர் இல்லை என்றாலும், இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் நியாயமாக இருக்கும்.

"பத்து பர்சன்ட்" என்று மட்டும் பேசுவது

எதில் பத்து என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். வாடகை 60,000 ரூபாய். புக்கிங் கமிஷன் 3,000, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி 4,000, டீசல் 27,000, டோல் 6,000. மொத்த வாடகையில் பத்து சதவீதம் என்றால் 6,000 ரூபாய். கமிஷனும் ஏற்றிறக்குக் கூலியும் போக என்றால் 5,300. எல்லாச் செலவும் போக மிஞ்சும் 20,000-இல் என்றால் 2,000. ஓட்டுபவர் முதல் கணக்கை மனதில் வைத்திருப்பார், ஓனர் மூன்றாவதை. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

ஒரே ஒரு நடைக்கு என்றால் சதவீதமே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. நடைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி, சாப்பாட்டுப் படியை நாளுக்கு இவ்வளவு என்று தனியாக வைப்பதுதான் சுத்தம். கிளீனர் போனால் அவருக்கான படி யார் கையிலிருந்து என்றும் சொல்லிவிட வேண்டும். இறக்குமிடத்தில் இரண்டு நாள் காத்திருக்க நேர்ந்தால் ஹால்டிங் பணம் ஓனருக்கு வரும், ஆனால் அங்கே வெயிலில் கிடப்பவர் ஓட்டுபவர். முதல் 24 மணி நேரம் போக, அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் படியோடு பாதி நாள் கூலியாவது சேர வேண்டும். காலியாகத் திரும்பும் நடைக்கும் இதேபோல முன்கூட்டியே பேச வேண்டும். லோடு கொடுத்த பார்ட்டியிடமிருந்து பாக்கி வாடகை வந்த பிறகுதான் கூலி என்று நிறுத்தி வைப்பது தவறு. அந்தப் பாக்கி ஓனருடைய வியாபார ரிஸ்க்.

சாவியை வாங்கும்போது வண்டியைப் பார்க்காமல் ஏறுவது

பத்து நிமிஷம் போதும். செல்போனில் வண்டியைச் சுற்றி ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்து, அங்கேயே நின்று ஓனருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டால் தேதியும் நேரமும் தானாகப் பதிந்துவிடும். பம்பர், ஹெட்லைட், கண்ணாடி, சைடு கதவு, தார்ப்பாய்க் கிழிசல் எல்லாம் அதில் தெரிய வேண்டும். ஓடோமீட்டரையும் டீசல் முள்ளையும் தனியாகப் படமெடுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பானர், கயிறு, தார்ப்பாய் ஆகியவற்றை எண்ணி எழுதுங்கள். திரும்பி வந்த பிறகு "கயிறு ரெண்டு குறையுது" என்று வருவது இந்த இடத்தில் எழுதாததால்தான்.

டயர்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒவ்வொன்றின் பக்கச் சுவரிலும் சீரியல் எண் இருக்கும், எல்லாவற்றையும் படமெடுத்துவிடுங்கள். எது புது டயர், எது ரீட்ரெட் (பழைய டயரில் புதுப் பட்டை ஒட்டியது) என்று குறித்து, பட்டன் ஆழத்தை, அதாவது டயர் மேலுள்ள வரிப்பள்ளத்தின் ஆழத்தை, மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். வழியில் பஞ்சராகி மாற்றிய டயர் வேறு டயராக வந்துவிட்டது என்ற சந்தேகத்துக்கு இந்தப் படம் ஒன்றே மருந்து.

டீசலுக்கு டேங்க் நிரப்பிக் கொடுத்து, டேங்க் நிரப்பி வாங்குவதுதான் சண்டையில்லாத வழி. முள்ளை நம்பிக் கணக்குப் பார்த்தால் ஐம்பது லிட்டர்கூட வித்தியாசம் வரும். பி.எஸ்.6 வண்டியாக இருந்தால், புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும், டிரைவர்கள் யூரியா என்று சொல்லும் டி.இ.எஃப் திரவத்தின் அளவையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். அது தீர்ந்தால் வண்டியே தன் இழுவையைக் குறைத்துக்கொள்ளும். பழைய வண்டியிலேயே பழகியவர் யூரியா டேங்கில் டீசலை ஊற்றிவிட்டால் பம்பிலிருந்து புகைவடிகட்டும் பாகம் வரை கெடும். அது பெரிய செலவு. மூடி எது என்று ஓனர் காட்டிக் கொடுக்காமல் சாவியைத் தந்திருந்தால் அதில் அவருக்கும் பங்கு உண்டு.

"உன் கையில்தானே உடைஞ்சுது" என்று முடிவு கட்டுவது

யார் கையில் உடைந்தது என்பது கேள்வியே இல்லை. எதனால் உடைந்தது என்பதுதான் கேள்வி. இரண்டு லட்சம் கிலோமீட்டர் தேய்ந்த கிளட்ச் பிளேட் இந்த நடையில் போனால், கடைசி எண்ணூறு கிலோமீட்டர் ஓட்டியவர் தலையில் முழு விலையையும் கட்டக் கூடாது. அது தேய்மானம், ஓனர் செலவு. டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்ட பிறகும் "அடுத்த ஊர்ல பாத்துக்கலாம்" என்று ஓட்டி ஹெட் கேஸ்கெட் போனால் அது ஓட்டியவரின் தவறு. ரேடியேட்டரின் தண்ணீர்க் குழாய் (ஓஸ்) கிழிந்ததுதான் தொடக்கம் என்றால் ஓஸ் விலை ஓனருக்கு, அதன் பிறகும் ஓட்டியதால் வந்த செலவு ஓட்டியவருக்கு. இப்படிப் பிரிக்க முடியும். பிரிக்கத்தான் வேண்டும்.

பிரேக் விஷயத்தில் இது இன்னும் நுணுக்கம். தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு வரும்போது தொப்பூர் கணவாயின் நீண்ட இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள் உண்டு. எஞ்சினின் பிடிமானம் இல்லாமல் முழு எடையும் பிரேக் லைனர் மேல் விழும். சூடேறிய லைனர் பிடிக்காது, பெடலை மிதித்தாலும் வண்டி நிற்காது. பட்டறையில் பிரேக் டிரம்மைக் கழற்றினால் அது காட்டிக் கொடுத்துவிடும். உட்புறம் நீலம் பாய்ந்து மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்து, லைனர் கண்ணாடிபோல் பளபளத்தால் அது அதிகச் சூடு. லைனர் ரிவெட் வரைக்கும் தேய்ந்திருந்தால் அது ஒரே நடையில் வந்ததல்ல, ஓனர் மாற்றாமல் விட்டது. இரண்டும் சேர்ந்து இருந்தால் பாதிப் பாதி. கழற்றும்போது இரண்டு பேரும் பட்டறையில் இருக்க வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைக் கணக்கு முடியும் வரை பழைய இரும்புக்குப் போட்டுவிடக் கூடாது.

ஏற்காடு மலைப்பாதையில் சேலத்திலிருந்து ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள். காபி, மிளகு மூட்டையோ சில்வர் ஓக் மரமோ ஏற்றி வரும் வண்டிக்கு அங்கே இரண்டு விதச் சேதம் வரும். வளைவில் பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால் உள்பக்க டயரின் சுவர் கல்லில் உரசிக் கிழியும். வெளிப்பக்கம் பாடியின் வால் வீசித் தடுப்புச் சுவரில் இடிக்கும். டயர் சுவரில் கிழிசல் என்றால் பெரும்பாலும் ஓட்டிய விதம். ரீட்ரெட் பட்டை உரிந்து பறந்தால் பெரும்பாலும் ஒட்டியதில் உள்ள குறை, அல்லது காற்றுக் குறைவு. காற்றைப் பார்க்க வேண்டியவர் ஓட்டுபவர் என்பதையும் மறக்கக் கூடாது. மலைப்பாதை பழக்கமில்லாதவரை நீளச் சேஸிஸ் வண்டியோடு ஏற்காட்டுக்கு அனுப்புவது, இடித்த பிறகு பணம் கேட்கும் உரிமையைப் பாதியாக்கிவிடும் என்றே நினைக்கிறோம்.

ஓட்டியவர் தவறால் டயர் போனாலும் புது டயர் விலையைக் கேட்பது நியாயமில்லை. மிச்சமிருந்த பட்டனுக்குத்தான் விலை. புது டயர் 24,000 ரூபாய், பட்டன் 16 மி.மீ., 2 மி.மீ. வந்தால் கழற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பயன்படுவது 14 மி.மீ. கிழிந்த டயரில் 9 மி.மீ. இருந்தால் மிச்சம் 7, அதாவது பாதி. 12,000 ரூபாய். சாவி வாங்கும்போது அளந்து எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

"இன்சூரன்ஸ் இருக்கு" என்று நிம்மதியாக இருப்பது

இன்சூரன்ஸ் முழு பில்லையும் தருவதில்லை. சரக்கு வண்டிப் பாலிசியில் லைட், டயர், டியூப், மட்கார்டு, பம்பர், பெயின்ட் போன்றவை ஐ.எம்.டி. 23 என்ற கூடுதல் பாதுகாப்பு எடுக்காவிட்டால் சாதாரண விபத்தில் வராது. இடித்த வண்டியில் முதலில் போவது இவைதான். உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பார்த்துத் தேய்மானம் கழிப்பார்கள். 5 முதல் 10 ஆண்டுக்குள் 40 சதவீதம், பத்தைத் தாண்டினால் 50. ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்கு 50. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. 16,500 கிலோவுக்கு மேல் மொத்த எடையுள்ள வண்டிக்கு, ஒவ்வொரு கிளெய்மிலும் ஓனரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவாக 1,500 ரூபாயும் உண்டு.

ஆறு வயது வண்டிக்கு 70,000 ரூபாய் பில் என்று வையுங்கள். உலோகப் பாகம் 30,000, பம்பரும் லைட்டும் 14,000, பெயின்ட் 8,000, வேலைக்கூலி 18,000. ஐ.எம்.டி. 23 இல்லையென்றால் உலோகத்துக்கு 18,000, கூலிக்கு 18,000, அதில் 1,500 போக வருவது 34,500. மீதி 35,500-ஐ அப்படியே ஓட்டியவரிடம் கேட்பதுதான் வழக்கமான தவறு. அதில் 12,000 ரூபாய் பழைய இரும்புக்குப் பதில் புது இரும்பு வந்ததற்கான வித்தியாசம். அது ஓனர் வண்டியிலேயே இருக்கிறது. பேச வேண்டியது 23,500 பற்றித்தான். ஐ.எம்.டி. 23 எடுக்காமல் விட்டது ஓனரின் முடிவு என்பதால் அதிலும் ஒரு பகுதியை அவர் ஏற்பதே முறை.

சின்னச் சேதத்துக்கு கிளெய்ம் போடுவதும் நஷ்டம்தான். கிளெய்ம் போடாமல் இருந்ததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் இப்போது 35 சதவீதம் இருந்தால் அடுத்த ஆண்டு 45 ஆகும். கிளெய்ம் போட்டால் பூஜ்யம். சொந்தச் சேதத்துக்கான (நம் வண்டியின் சேதத்துக்கான) பிரீமியம் 30,000 என்றால் அடுத்த ஆண்டு மட்டும் 13,500 ரூபாய் போகும். 9,000 ரூபாய் வேலைக்குக் கிளெய்ம் எதற்கு? எத்தனை ரூபாய்க்குக் கீழே கிளெய்ம் போடுவதில்லை என்பதை முன்பே பேசி வைத்தால், வழியில் நிற்கும் ஓட்டுபவருக்கு என்ன செய்வது என்று தெரியும்.

பெரிய விபத்து என்றால் படமெடுக்காமல், இன்சூரன்ஸுக்குச் சொல்லாமல் வண்டியைப் பட்டறைக்கு இழுத்துப் போகாதீர்கள். அடிபட்டவர் இருந்தால் சிகிச்சைக்கு அனுப்புவது முதல் வேலை. காவல் நிலையத்துக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். எதிர் வண்டிக்காரரிடம் ரோட்டிலேயே ஐயாயிரம் கொடுத்து முடித்துவிட்டு அதை ஓனரிடம் கேட்டால் கிடைக்காது. கொடுப்பதற்கு முன் ஓனருக்குப் போன் போடுங்கள்.

லைசென்ஸும், "சும்மாதான் ஓட்டிக் குடுத்தான்" என்பதும்

ஓட்டுபவரின் லைசென்ஸ் அந்த வகை வண்டிக்குச் செல்லாவிட்டால் சொந்தச் சேதக் கிளெய்ம் நிற்காது. 7,500 கிலோ மொத்த எடைக்குள் உள்ள சரக்கு வண்டியை இலகு ரக லைசென்ஸில் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு மேல் எடையுள்ள லாரிக்கு அது போதாது. இரண்டு பக்கமும் படமெடுத்து, முடியும் தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓனருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு ஓனருக்கு மட்டும்தான், மாற்றாக ஏறியவருக்கு அல்ல. கூலிக்கு ஓட்டும் டிரைவருக்கு அடிபட்டால் இழப்பீடு கேட்க வழி உண்டு. கூலி என்ற பேச்சே இல்லாமல் நட்புக்காக ஓட்டினார் என்றால் அந்த வழி அடைபடும். வண்டியை இரவல் வாங்கியவர் ஓனரின் இடத்தில் நிற்பவராகவே பார்க்கப்படுவார். அதனால் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் கூலியைப் பேசி, அதில் ஒரு பகுதியை வங்கி வழியாக அனுப்புங்கள்.

டோலும் பின்னால் வரும் அபராதமும்

ஃபாஸ்டேக் பணம் ஓனர் கணக்கில் கழியும், குறுஞ்செய்தியும் அவருக்குத்தான் வரும், அதனால் அதில் தகராறு குறைவு. இ-சலான்தான் பிரச்சினை. நடை முடிந்த பிறகு ஆர்.சி.யில் உள்ள பெயருக்கு வரும். சலானில் உள்ள தேதி, நேரம், இடம் இந்த நடையோடு பொருந்தினால், வேகம், சிக்னல், செல்போன் போன்றவை ஓட்டியவருக்கு. எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), பர்மிட், புகைச் சான்று, லைட் எரியாதது ஓனருக்கு. அதிக பாரம் ஏற்றினால் 20,000 ரூபாயும் கூடுதல் டன்னுக்கு 2,000-மும் அபராதம். அது ஏற்றச் சொன்னவருக்கு. ஓட்டுபவர் எடைச்சீட்டைப் பார்த்து "கூட இருக்குண்ணே" என்று செய்தி அனுப்பி வைப்பது நல்லது. சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. சீட்டான இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லும். வண்டி வழியில் படுத்துவிட்டால் கெடு முடிவதற்கு முந்தைய 8 மணி நேரத்துக்குள்ளோ முடிந்த 8 மணி நேரத்துக்குள்ளோ நீட்டித்துவிட வேண்டும். உடனே சொல்வது ஓட்டுபவர் வேலை, நீட்டிக்க வைப்பது ஓனர் வேலை.

எழுத்துக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, ஒரு வாட்ஸப் செய்தி போதும்: "சேலம் – விஜயவாடா, ஜவ்வரிசி லோடு, நடைக்கு 6,000, படி நாளுக்கு 500, ஹால்டிங் 24 மணிக்கு மேல் நாளுக்கு 800. தேய்மானம் ஓனர். கவனக்குறைவு ஓட்டுபவர், அதிகபட்சம் 10,000. கிளெய்ம் 15,000-க்கு மேல் மட்டும். கூலி, வண்டி வந்த அன்று. சேதக் கணக்கு பில் வந்த ஏழு நாளில், மூன்று தவணை." தொகைகளை உங்கள் நடைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து "சரிங்க" என்று பதில் வந்த பிறகு சாவியைத் திருப்புங்கள்.