ஓய்வுபெற்ற கேச் கையில் கிடைத்தால்: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜியோகேச்சிங்கில் (ஒளித்து வைத்த பெட்டியை ஜிபிஎஸ் உதவியுடன் தேடும் பொழுதுபோக்கு; அந்தப் பெட்டிதான் கேச்) இறங்கிய மூன்றாவது மாதம், சியாட்டிலுக்குக் கிழக்கே ஒரு மலைப்பாதையில், சாய்ந்து கிடந்த மரத்தின் வேரடியில் ராணுவத் தோட்டாப் பெட்டி ஒன்று கண்ணில் பட்டது. மூடியில் இருந்த எண்ணைக் கைப்பேசியில் தேடினேன். அந்தக் கேச்சின் பெயர் மீது கோடு கிழித்திருந்தார்கள். ஆர்க்கைவ் ஆகி, அதாவது தளத்தின் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டு ஓய்வுபெற்று, இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. காட்டிலிருந்து குப்பையை அகற்றும் புண்ணியம் நமக்கு என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது, அதே பெட்டி வேறொரு தளத்தின் பட்டியலில் உயிரோடு இருக்கிறது என்று. மழையில் மறுபடி மலையேறி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அன்று நான் புரிந்துகொள்ளாதது ஒன்றுதான். ஆர்க்கைவ் ஆவது இணையப் பக்கம். பெட்டி என்ன ஆனது என்பது தனிக் கதை. இந்த விளக்கம் முழுவதும் அந்த ஒரு வேறுபாட்டைச் சுற்றியே வரும்.

முற்றிலும் புதியவர்களுக்காகச் சுருக்கமாக: ஒருவர் பெட்டியை ஒளித்து வைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகையைத் தளத்தில் வெளியிடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் உதவியுடன் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் பதிவேட்டில் பெயரெழுதி, பெட்டியை இருந்தபடியே வைத்துவிட்டுப் போவார்கள். 2000 மே மாதத் தொடக்கத்தில், பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்த ஏற்பாட்டை அமெரிக்க அரசு நிறுத்தியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஒரிகான் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே ஒரு கறுப்பு வாளியை ஒளித்து வைத்தார். எல்லாம் அங்கிருந்து தொடங்கியது. அந்த முதல் வாளியும் இன்று ஓய்வுபெற்றதுதான். அந்த இடத்தில் நினைவுப் பலகை மட்டும் இருக்கிறது. ஆனால் வாளிக்குள் இருந்த பீன்ஸ் டின் ஒன்று பின்னாளில் மீட்கப்பட்டு, துருவேறிய கோலத்தில் கேச்சர் கூட்டங்களுக்கு ஊர்வலம் போய்வருகிறது. பக்கம் மூடியபின்னும் பொருள் பிழைத்திருப்பதற்கு இதைவிடப் பழைய சான்று எங்கே தேடுவது?

படி 1: கிளம்புவதற்கு முன் நிலையைப் பாருங்கள்

ஓய்வுபெற்ற கேச்சுகள் வழக்கமான வரைபடத் தேடலில் வராது. பிறகு எப்படி மாட்டிக்கொள்கிறோம்? பெரும்பாலும் பழைய பட்டியலால்தான். போன மாதம் கருவியில் இறக்கி வைத்த கேச் இந்த மாதம் ஆர்க்கைவ் ஆகியிருக்கும். சிக்னல் இல்லாத காட்டில் நமக்கு அது தெரியாது. ஆகவே புறப்படும் நாளன்று காலையில் பட்டியலைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நிலைகளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். "தற்காலிகமாக முடக்கப்பட்டது" என்றால் உரிமையாளர் பழுது பார்க்கப் போகிறார் என்று பொருள். "ஆர்க்கைவ்" என்றால் பட்டியலிலிருந்தே எடுத்தாயிற்று. இவற்றோடு "பூட்டப்பட்ட" பக்கங்களும் உண்டு. அவற்றில் யாராலும் எதையும் எழுத முடியாது.

படி 2: ஏன் ஓய்வுபெற்றது என்று படியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நானும் அன்று அதைத்தான் செய்தேன். பக்கத்தின் கடைசி ஐந்தாறு பதிவுகளைப் படித்தால் காரணம் அநேகமாகத் தெரிந்துவிடும். நீங்கள் அடுத்து என்ன செய்யலாம் என்பதையும் அந்தக் காரணம்தான் முடிவு செய்யும்.

"பெட்டியை நானே எடுத்துவிட்டேன், வந்தவர்களுக்கு நன்றி" என்று உரிமையாளர் எழுதியிருந்தால் கதை முடிந்தது. அங்கே போய்க் கல்லைப் புரட்டுவது வீண் வேலை.

நிலத்துக்குச் சொந்தக்காரரோ பூங்கா நிர்வாகமோ அனுமதியைத் திரும்பப் பெற்றதாக இருந்தால், போகவே கூடாது. பெட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்தாலும் கூடாது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் பலவற்றில் பெட்டி வைக்க இடமே தருவதில்லை. இதமாகப் பேசி அனுமதி வாங்க ஓர் உள்ளூர்க் குழுவுக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். செத்த கேச்சுக்காக வேலி தாண்டும் ஒருவர் அந்த உழைப்பை ஒரே நாளில் கெடுத்துவிடலாம். அக்கம்பக்கத்தாரின் பயமும் இதே கணக்கில் சேரும். 2011-இல் இங்கிலாந்தின் வெதர்பி ஊரில் யாரோ வைத்த கேச் பெட்டியை வெடிகுண்டு என்று சந்தேகித்து, தெருவை அடைத்து, நிபுணர்களை வரவழைத்து வெடிக்கச் செய்தார்கள். பக்கம் உயிரோடு இருந்தால் உரிமையாளரைத் தேடிப்பிடிக்கலாம். ஓய்வுபெற்ற பெட்டியின் அருகே நீங்கள் குனிந்து நின்றால், போலீஸ்காரரிடம் காட்டுவதற்குக்கூட ஒரு நல்ல பக்கம் இருக்காது.

மூன்றாவது வகை, பலமுறை "கிடைக்கவில்லை" என்று பதிவாகி, உரிமையாளர் பதில் சொல்லாததால் தன்னார்வ ரிவியூவர் (தளத்துக்காகக் கேச்சுகளைச் சரிபார்ப்பவர்) மூடியது. உரிமையாளர் ஊர் மாறியிருக்கலாம், ஆர்வம் போயிருக்கலாம், உலகைவிட்டே போயிருக்கலாம். பெட்டி இன்னும் அங்கே கிடப்பதற்கான வாய்ப்பு இந்த வகையில்தான் அதிகம். பழைய கேச்சுகளைத் தேடித் திரியும் ஒரு சிறு கூட்டம் உண்டு. அவர்களுடைய வேட்டைக்களம் இதுதான். பொது இடமாக இருந்து, தடையும் இல்லையென்றால் தாராளமாகத் தேடலாம்.

படி 3: பெட்டி கிடைத்தால் கையை அடக்குங்கள்

திறங்கள். பதிவேட்டில் தேதியும் பெயரும் எழுதுங்கள். பெட்டி, பதிவேடு, ஒளித்து வைத்த இடம் மூன்றையும் படமெடுங்கள். பதிவேட்டின் கடைசித் தேதியைக் கட்டாயம் பாருங்கள். பக்கம் மூடப்பட்ட பிறகும் ஆட்கள் பெயரெழுதியிருந்தால், பெட்டி வேறொரு தளத்தில் இயங்குகிறது என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. என் தோட்டாப் பெட்டியில் அப்படி நான்கு பெயர்கள் இருந்தன. பார்த்தேன், யோசிக்கவில்லை.

பிறகு இருந்தபடியே மூடி, இருந்த இடத்திலேயே வையுங்கள். பக்கம் போனாலும் பெட்டி வைத்தவருக்கே சொந்தம். கேட்காமல் எடுத்துப் போவதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

படி 4: உரிமையாளருக்கு எழுதுங்கள்

பக்கத்திலுள்ள உரிமையாளர் பெயரைச் சொடுக்கினால் செய்தி அனுப்பும் வசதி வரும். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். எந்த மொழியில் எழுதினாலும் சாரம் இப்படி இருக்கட்டும்:

"வணக்கம். உங்கள் ஓய்வுபெற்ற கேச்சை இன்று தற்செயலாகக் கண்டேன். பெட்டி நல்ல நிலையில் இருக்கிறது, படம் இணைத்திருக்கிறேன். இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறேன். அப்படியே விடட்டுமா, எடுத்து உங்களிடம் சேர்ப்பிக்கட்டுமா?"

பலர் நெகிழ்ந்து பதில் எழுதுவார்கள். சிலர் "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். பதிலே வராமலும் போகும். சில வாரம் பொறுத்துப் பார்த்து, உள்ளூர்க் கேச்சர்களிடம் விசாரித்து, மற்றத் தளங்களிலும் தேடிப்பார்த்த பிறகே அதைக் கைவிடப்பட்ட பெட்டி என்று சொல்லலாம்.

படி 5: எப்படிப் பதிவு செய்வது?

பூட்டப்படாத பக்கமாக இருந்தால், ஆர்க்கைவ் ஆன கேச்சையும் "கண்டுபிடித்தேன்" என்று பதிவு செய்ய முடியும். உங்கள் எண்ணிக்கையிலும் அது சேரும். அது ஏமாற்று என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறதா? இருந்தால் கண்டுபிடித்ததுதான். உடைந்த பிளாஸ்டிக் மூடி மட்டும் கிடைத்ததா? வெறும் குறிப்பாக எழுதுங்கள், எண்ணிக்கை வேண்டாம். உண்மையான தேதியைப் போடுங்கள். வீட்டுச் சோபாவில் அமர்ந்து, என்றோ மூடிய கேச்சுகளைக் கண்டதாக எழுதித் தள்ளும் வீரர்கள் சிலர் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பதிவுகளை உரிமையாளர் நீக்கினால் முறையிடவும் வழியில்லை.

பதிவில் பெட்டியின் நிலையையும் எழுதுங்கள். மூடிய பக்கம் மீண்டும் திறக்கப்படுவதும் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்னோகுவால்மி சுரங்கப்பாதை அருகே இருந்த புகழ்பெற்ற கேச் ஒன்று, பெட்டி களவுபோனதால் 2011-இல் மூடப்பட்டு, 2016-இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் அதற்காக "பெட்டி இருக்கிறது, பக்கத்தைத் திறந்துவிடுங்கள்" என்று நாமே ரிவியூவரை நச்சரிக்கக் கூடாது. கேட்க வேண்டியவர் உரிமையாளர்.

படி 6: பயணச் சின்னங்கள்

உள்ளே எண் பொறித்த உலோகத் தகடு கோத்த பொம்மையோ நாணயமோ இருந்தால், அதை மட்டும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். பெட்டியிலிருந்து பெட்டிக்குப் பயணம் போவதற்காகவே அனுப்பப்பட்டவை அவை. ஓய்வுபெற்ற கேச்சுக்குள் சிறைபட்டிருக்கும். எண்ணைத் தளத்தில் பதிந்து, இயங்கும் வேறொரு கேச்சில் சேர்த்துவிடுங்கள். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு வந்த மிகச் சந்தோஷமான கடிதம், காணாமல்போனதாக நினைத்திருந்த ஒரு ரப்பர் வாத்தின் சொந்தக்காரரிடமிருந்து வந்தது.

படி 7: செய்யவே கூடாத ஒன்று

தேடிய பெட்டி கிடைக்கவில்லை என்பதற்காகச் சொந்தமாக ஒரு டப்பாவை அங்கே போட்டு, அதையே "கண்டுபிடித்தேன்" என்று எழுதாதீர்கள். இயங்கும் கேச்சிலேயே இது அசிங்கம். ஓய்வுபெற்ற கேச்சில், யாருக்கும் சொந்தமில்லாத புதுக் குப்பை ஒன்றை நீங்களே பெற்றெடுக்கிறீர்கள். இடம் அவ்வளவு பிடித்திருந்தால் நேர்வழி இருக்கிறது. பழைய பக்கம் மூடியதால் அந்த இடம் காலியாகிவிட்டது. வேறு கேச்சுகளிலிருந்து 161 மீட்டர் தள்ளியிருந்தால், நில அனுமதி வாங்கி, உங்கள் பெயரிலேயே புதிய கேச்சாக விண்ணப்பியுங்கள்.

படி 8: குப்பை என்று உறுதியானால்

உரிமையாளர் எடுக்கச் சொல்லிவிட்டார், அல்லது எல்லா விசாரிப்பும் முடிந்து பதில் இல்லை. இப்போது எடுங்கள். கையுறை அவசியம், ஊறிப்போன பதிவேட்டில் பூஞ்சை அடர்ந்திருக்கும், மூடியின் கீழ் சிலந்தி குடித்தனம் நடத்தும். சிதறிய துண்டுகளையும் பொறுக்குங்கள். கேச் தேடப் போகும்போது குப்பையையும் சுமந்து வரும் வழக்கம் 2002-இலிருந்தே கேச்சர்களிடையே இருக்கிறது, ஆகவே பையில் ஒரு காலி உறை எப்போதும் இருக்கட்டும்.

பதிவேட்டை மட்டும் தூக்கி எறிய வேண்டாம். காயவைத்து, பக்கம் பக்கமாகப் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பி வையுங்கள். எத்தனையோ குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமைகள் அதில் பென்சிலால் எழுதிக் கிடக்கின்றன.