பென்ஷன் எவ்வளவு என்பதோடு, ஏறுமா என்றும் கேளுங்கள்

ஓய்வூதியக் கணக்கு போடும்போது பலரும் முதல் மாதம் கைக்கு வரும் தொகையைத்தான் பார்க்கிறோம். விலைவாசி ஏற ஏற அதுவும் ஏறுமா என்பதுதான் பெரிய கேள்வி. 72-ஐப் பணவீக்க விகிதத்தால் வகுத்துப் பாருங்கள். 6 சதவீதம் என்றால் விடை 12. ஏறக்குறைய 12 ஆண்டில் விலைகள் இரட்டிப்பாகும். மாறாத ஓய்வூதியத்தின் மதிப்பு பாதியாகிவிடும். 60 வயதில் ஓய்வு பெற்றவருக்கு 72 வயதில், அதுவும் மருந்துச் செலவு கூடும் நேரத்தில்!

ஏறும் என்று சொல்லும் திட்டங்களையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். சந்தா கட்டுவோர் குறைந்து ஓய்வூதியம் வாங்குவோர் பெருகும்போது அரசுகள் கை வைக்கும் இடங்களில் இந்த உயர்வும் ஒன்று. ஜப்பானின் 2004 சீர்திருத்தம், ஆண்டு உயர்வை விலைவாசியைவிடக் குறைவாக வைக்க வழி செய்தது. பின்லாந்தில் தொடக்கத் தொகையிலேயே கை வைக்கிறார்கள்: சராசரி ஆயுள் கூடினால், புதிதாக ஓய்வு பெறுவோரின் மாதத் தொகை அதற்கேற்பக் குறைக்கப்படும்.

சந்தா கட்டிய காலத்தை இப்போதே சரிபாருங்கள். வேலை மாறியபோதும் பிள்ளை வளர்க்க நின்றபோதும் விட்டுப்போன மாதங்கள் (பெண்களுக்கே இந்த அடி அதிகம்) கடைசியில் தொகையைக் குறைக்கும். பதிவில் பிழை இருந்தால், பழைய சம்பளச் சீட்டுகள் கையில் இருக்கும்போதே திருத்திவிடுங்கள். உங்களுக்குப் பின் துணைக்கு எவ்வளவு தொடரும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.