மலை ஏறும் வண்டிக்குக் கழற்றி மாட்டும் பெட்டி

கம்பத்திலிருந்து குமுளி ஏறினாலும் சரி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மூணாறு போனாலும் சரி, பைக்கின் பின்சீட்டில் எலாஸ்டிக் கயிறு போட்டுக் கட்டிய பை நாலாவது வளைவுக்குள் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பின்னால் ஆள் உட்காரவும் இடம் இருக்காது. கடையில் விற்கும் அலுமினியப் பெட்டி ஜோடிக்குக் கொடுக்கும் காசில் சின்னப் பங்குக்கே உள்ளூர் வெல்டிங் பட்டறையில் வேலை முடியும். ஒன்றை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்: பெட்டியில் மிச்சம் பிடிக்கலாம், பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் அதைத் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டமான ஸ்டேயில் பிடிக்கக் கூடாது.

ஸ்டேக்குப் பட்டறைக்காரர் முதலில் கையில் எடுப்பது 12 மி.மீ. கம்பியாகத்தான் இருக்கும். வளைக்க எளிது, அதனால். ஆனால் அது மீட்டருக்கு ஏறக்குறைய 890 கிராம். 16 மி.மீ. வெளிவிட்டமும் 1.6 மி.மீ. கனமும் உள்ள இரும்புப் பைப் 570 கிராம்தான். இரண்டு பக்கமும் குறுக்குப் பட்டையும் சேர்ந்து 5 மீட்டர் ஆகும் என்றால், வண்டியின் வாலில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் மிச்சம். வளைக்கிற மிஷின் இல்லாத பட்டறையில் பைப்புக்குள் மணல் அடைத்துச் சூடு காட்டி வளைப்பார்கள். மணல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரமாக இருந்தால் நீராவி கட்டி அடைப்பைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று பிடிப்பு வேண்டும்: கைப்பிடிக் கம்பியின் போல்ட், பின் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட், இண்டிகேட்டருக்குப் பின்னால் ஒன்று. பைப் முனையைச் சுத்தியலால் தட்டையாக்கி அதிலேயே துளை போடுவது வழக்கம். விரிசல் விழுவதும் அங்கேதான். முனையில் 25 x 5 மி.மீ. பட்டையில் 4 செ.மீ. துண்டு வெட்டி வெல்ட் வைக்கச் சொல்லுங்கள். பட்டையின் கனம் கூடுவதால் பழைய போல்ட் மரை பிடிக்காது. அதே மரையில் 5 மி.மீ. நீளம் கூடின, 8.8 என்று (அது வலிமையின் தரக் குறி) தலையில் அச்சடித்த போல்ட்டையும் நைலான் வளையம் உள்ள நட்டையும் வாங்குங்கள்.

நம்பர் பிளேட்டுக்குப் பின்புறம் இடது ஸ்டேயையும் வலது ஸ்டேயையும் இணைக்கும் குறுக்குப் பைப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பள்ளத்தில் இறங்கும்போது பெட்டியின் எடை ஸ்டேயை உள்பக்கமாக, சக்கரத்தை நோக்கி மடக்கும். அதைத் தடுப்பது இந்த ஒரு பைப்தான். பிளேட்டையும் விளக்குகளையும் அது மறைக்கக் கூடாது.

வண்டியின் சேசிஸில் எதையும் வெல்ட் வைக்க விடாதீர்கள். எல்லாம் போல்ட்டில் வந்து போல்ட்டில் போக வேண்டும். பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், இதைக் கறாராகப் பார்ப்பார்கள். சேலை கார்டைக் கழற்றி இடம் தேடுவதும் வேண்டாம், அதுவும் விதிப்படி இருக்க வேண்டியதே. அளவு பார்க்க வண்டியில் வைத்தே டேக் (இடம் பிடிக்க வைக்கும் புள்ளி வெல்ட்) அடிப்பதாக இருந்தால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் இசியூ பெட்டியின் கப்ளரையும் உருவிவிட்டு, எர்த் கிளாம்பை ஸ்டே பைப்பிலேயே கடிக்க விடுங்கள். முழு வெல்டை வண்டியிலிருந்து இறக்கித்தான் வைக்க வேண்டும்.

பெட்டிக்கு 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன் போதும். சமையல் எண்ணெய் வந்த கேனைத் தேடி வாங்குங்கள். ஏலத்தோட்டத்துப் பக்கம் பூச்சிமருந்துக் கேன் சும்மாவே கிடைக்கும். எத்தனை முறை கழுவினாலும் அதில் துணியும் தின்பண்டமும் வைக்கக் கூடாது. மேல்பக்கத்தை மூன்று ஓரம் வெட்டி மூடியாக்கி, வெட்டாத ஓரம் அடிக்கடி மடிந்து கிழியாமல் இருக்க அதன் மேல் லாரி டியூப் பட்டையை வாஷரோடு ரிவெட் அடியுங்கள். இன்னொரு பழைய கேனிலிருந்து 4 செ.மீ. அகலப் பட்டை வெட்டி, வீட்டு இறவாரம் போல மூடியின் ஓரத்திலிருந்து 2 செ.மீ. கீழே தொங்கவிட்டால் மேலிருந்து விழும் மழை உள்ளே இறங்காது. எம்-சீல் பூசி அடைக்கப் பார்ப்பது வீண். இந்த வகை பிளாஸ்டிக்கில் அது ஒட்டாது, ஒட்டின மாதிரி இருந்து உரிந்துவிடும். டயர் தெறிக்கும் தண்ணீர் எப்படியும் கொஞ்சம் நுழையும். அடியில் 5 மி.மீ. துளை இரண்டு போட்டுவிட்டு, சாமானைத் தடித்த பாலித்தீன் பைக்குள் வையுங்கள். மூடிக்குச் சாதாரணக் கொக்கிப் பூட்டு போதும். செக் போஸ்ட்டில் திறக்கச் சொன்னால் ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.

இனி மாட்டும் முறை. கேனின் முதுகில் 3 மி.மீ. அலுமினியத் தகடு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. நடுவில் கேன் சுவர். நாலு போல்ட், ரப்பர் வாஷரோடு. வெளித் தகட்டின் மேல்பக்கம் 25 x 5 பட்டையில் வளைத்த இரண்டு கொக்கிகள், ஸ்டேயின் மேல் பைப்பில் தொங்கவிட. கொக்கியின் வாய் 19 மி.மீ.: பைப் 16, இரண்டு பக்கமும் ஒட்டும் சைக்கிள் டியூப் ஒன்றரை ஒன்றரை. இந்த ரப்பரை விட்டுவிட்டால் பெட்டி கடகடவென்று ஆடி, சில நூறு கிலோமீட்டரில் கொக்கி பைப்பையே அரித்துவிடும். வெளித் தகடு கேனுக்குக் கீழே 5 செ.மீ. நீண்டு நிற்கட்டும், அதில் ஒரு நீளத் துளை. ஸ்டேயின் கீழ்ப் பைப்பிலிருந்து நீட்டிய நாக்கு அந்தத் துளை வழியாக வெளியே வரும். நாக்கில் 9 மி.மீ. ஓட்டை போட்டு, டிராக்டர் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிங் வளையம் வைத்த 8 மி.மீ. லாக் பின்னை மேலிருந்து கீழாகச் செருகுங்கள். கீழிருந்து செருகினால் ஆட்டத்தில் நழுவ வாய்ப்பு உண்டு. ராத்திரி வெளியே நிறுத்தினால் பின்னுக்குப் பதில் சின்னப் பூட்டு. பழகிவிட்டால் அரை நிமிடத்தில் ஒரு பெட்டி கையில் வந்துவிடும்.

சைலன்சர் பக்கம் கேனுக்கும் குழாய்க்கும் 8 செ.மீ. இடைவெளி விட்டு, நடுவில் ஓர் அலுமினியத் தகடு நிற்கட்டும். ஸ்டேயின் வெளி அகலம் 40 செ.மீ., கேன் 24 என்றால் மொத்தம் 88 செ.மீ. வரும். ஹேண்டில் புகுந்த சந்தில் பெட்டி புகாது. கம்பம் மார்க்கெட்டுக்குள் போவதாக இருந்தால் அறையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள், கழற்றி மாட்டும் பெட்டி எதற்கு?

பக்கத்துக்கு 6 கிலோவைத் தாண்ட வேண்டாம். இரண்டு பக்கமும் அரைக் கிலோ வித்தியாசத்துக்குள் இருக்கட்டும், கனமானவை அடியில், சீட்டை ஒட்டி. பின் டயருக்கு மேனுவலில் இரண்டு பேருக்குச் சொன்ன காற்று, பின் ஷாக்கில் ஒரு படி கூட்டல். முதல் ஓட்டத்துக்குத் துணிக்குப் பதில் தண்ணீர் பாட்டில்களை 6 கிலோ அளவுக்கு அடுக்கி, குமுளி மலையின் அடிவாரத்து லோயர் கேம்ப் வரை போய்த் திரும்புங்கள். வந்ததும் எல்லா போல்ட்டையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், ஒன்றிரண்டாவது தளர்ந்திருக்கும். ஸ்டேக்குக் கறுப்பு அடிப்பதுதான் பார்க்க அழகு. ஆனால் வெல்டைச் சுற்றி மட்டும் வெளிர் நிறப் பெயிண்ட் அடியுங்கள். மயிரிழை விரிசல் விழுந்தால் முதலில் அங்கே துருக் கோடாகத் தெரியும்.